கழுத்து மூன்று இன்ச்

போன ஞாயிற்றுக்கிழமை சித்தையன்கோட்டைக்குப் போய் வந்தேன். கோயிலுக்கு இல்லை, கல்யாணத்துக்கும் இல்லை. ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க.

பையில் ரோஸ் கலர் சாட்டின் துணி, ஒரு அடி நீள மர ஸ்கேல், குழந்தைக்குக் கொஞ்சம் பிஸ்கட். திண்டுக்கல்லில் பஸ் ஏறி, செம்பட்டியில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். பேசாமல் வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று அந்த நேரத்தில் எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்கிறீர்கள்? எதிர்ப்பக்கம் போகிற பஸ் ஒன்று வந்து, ஆள் ஏற்றி, புறப்பட்டே போய்விட்டது. அதில் ஏறாமல் நின்றதுதான் இந்த இரண்டு மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தைக்கிறவள் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? மாதத்துக்கு ஒரு தடவையாவது என் தையல் மிஷினைப் பற்றி எழுதாமல் விட்டதில்லையே! தீபாவளி வந்தால் எங்கள் தெருவில் பாதி வீட்டு ரவிக்கை என் கையில்தான். பெருநாள் வந்தால் பேகம்பூரிலிருந்து துணி வரும். மிஷினில் உட்காரும்போது கழுத்தில் இன்ச் டேப் தொங்கும் — டாக்டர் கழுத்தில் குழாய் தொங்குகிற மாதிரி.

அந்த டேப்பை எனக்குப் படிக்கத் தெரியாது.

ஆமாம். பத்து வருஷமாகத் தைக்கிறவளுக்கு.

எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பீர்கள். ரொம்பச் சுலபம். டேப்பை உடம்பைச் சுற்றிப் போடுவேன். முடிகிற இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். நகத்தை எடுக்காமல் அப்படியே துணிக்குக் கொண்டுபோய், சாக்குக் கட்டியால் ஒரு கோடு. அவ்வளவுதான். ஒரு கயிறு செய்கிற வேலையைத்தான் அந்த டேப் எனக்குச் செய்தது. அதோடு, முக்கால்வாசிப் பேர் அளவு ரவிக்கை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அதைத் துணிமேல் விரித்து, தையலுக்கு இரண்டு விரல் விட்டு வெட்டினால் தீர்ந்தது.

"எத்தன இன்ச்சுக்கா?" என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் உனக்கு எதுக்கு? போட்டுப் பாரு" என்பேன். போட்டுப் பார்ப்பார்கள். கச்சிதமாக இருக்கும். எனக்கு ஒரே பெருமை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஸ்கேலுக்கு இரண்டே வேலை — கோடு போட, அடி கொடுக்க. அதில் இருக்கிற சின்னச் சின்னக் கோடுகள் எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அப்புறம் கேட்கிற வயது தாண்டிவிட்டது. பிறகு கதை படித்தேன், கட்டுரை படித்தேன், எழுதவும் ஆரம்பித்தேன், நாலு பேருக்குப் பெயர் தெரிந்தது. பெயர் தெரிந்த பிறகு போய், "ஐயா, இந்தக் கோடு என்ன கோடு?" என்று யாரைக் கேட்பது?

இந்த வருஷ ஆரம்பத்தில் என் சின்ன மகளுக்குத் தைத்த கவுனைப் பற்றி எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? நிறையப் பேர் கடிதம் போட்டீர்கள், அந்தக் கவுனுக்கு அளவு வேண்டும் என்று. ஆசிரியரும் எழுதிவிட்டார் — "இரண்டு வயதுக் குழந்தைக்கான அளவுகளை வெளியிடலாமே."

எனக்கு அளவு சொல்லத் தெரியாது என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம். போட்டேனா? கடைக்குப் போய் மர ஸ்கேல் ஒன்று வாங்கி வந்தேன்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மகளின் பழைய கவுனை இரண்டாக மடித்து விரித்தேன். ஸ்கேலைப் பார்த்தேன். விளிம்பில் எண் எதுவும் போட்டிருக்கவில்லை. முதல் எண் ஒன்று. எதையும் ஒன்றிலிருந்துதானே எண்ணுவோம்? எண்ணே போடாத இடத்திலிருந்து யாராவது எண்ணுவார்களா? ஒன்று என்ற கோட்டைத் துணியின் மடிப்பில் வைத்தேன். கழுத்து மூன்றில் வந்து நின்றது. "கழுத்து மூன்று இன்ச்" என்று எழுதினேன். இரண்டு எண்ணுக்கு நடுவில் வந்து நின்றால், பக்கத்தில் எந்த எண் இருக்கிறதோ அதையே போட்டேன். தோள் ஐந்து. மார்பு ஏழு.

அச்சில் பார்த்தபோது எவ்வளவு அழகாக இருந்தது!

ஒரு மாதம் கழித்து, காலை பத்து மணி இருக்கும், வாசலில் இரண்டு பெண்கள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஒருத்தி. அவளுடைய மாமியார் இன்னொருவர். அந்தப் பெண்ணின் பெயர் பொன்னுத்தாய். பெயரைப் போட அனுமதி வாங்கியிருக்கிறேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஏற்கனவே எனக்குக் கார்டு எழுதியிருந்தாளாம், நான் போட்ட பதிலில் இருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு சித்தையன்கோட்டையிலிருந்து விசாரித்து வந்திருக்கிறாள்.

உட்கார்ந்ததும், செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒரு கவுனை எடுத்து என் முன்னால் வைத்தாள். ரோஸ் கலர் சாட்டின். முழுக்கக் கைத்தையல். பொடிப்பொடியாக, ஒரே சீரான தையல். என் மிஷின் தோற்றுப்போகும்.

"அக்கா, உங்க அளவப் பாத்துத்தான் தச்சேன். பிள்ளைக்குச் சேரல. எங்க தப்பு விட்டேன்னு பாத்துச் சொன்னீங்கன்னா, அடுத்த தடவ திருத்திக்கிருவேன்" என்றாள்.

மீதிக் கதையை மாமியார் சொன்னார்.

"பேத்திக்குக் காதுகுத்து வச்சோம் தாயி. இவ அண்ணன் நெலக்கோட்டைலருந்து துணி எடுத்தாந்தான். தையக்காரன்ட்ட குடுடீன்னேன். கேட்டாளா? பத்திரிகைல போட்டிருக்கு, நானே தைக்கிறேன்னா. பத்து நாளா சோத்துக்கு வெஞ்சனங்கூட ஒழுங்கா வைக்காம தச்சா. தாய்மாமன் மடியில பிள்ளைய உக்கார வச்சா... சட்ட தோள்ல நிக்க மாட்டேங்குது! எறங்கி இடுப்புல கெடக்கு. சனம்பூராம் சிரிக்குது. எங்க வீட்டுத் துணின்னா அம்புட்டு எளப்பமான்னு கேட்டுட்டு, இவ மதினிக்காரி சாப்பிடாமப் போயிட்டா. இன்னைக்கி வரைக்கும் பேச்சு இல்ல."

பொன்னுத்தாய் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

நான் ஸ்கேலை எடுத்தேன். அவள் தைத்த கவுனை மடித்துக் கழுத்தை அளந்தேன். எப்படி அளப்பேன்? எனக்குத் தெரிந்த மாதிரிதான். ஒன்று என்ற கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு.

"பாருங்க, நாலு இருக்கு. நான் மூணுன்னுதான எழுதியிருந்தேன்?"

"மூணுதானக்கா வெட்டுனேன்..." என்று அவள் குனிந்து பார்த்தாள். ஸ்கேலைப் பார்த்தாள். என் கட்டைவிரலைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவள் மாமியாரை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

நான் சும்மா இருந்தேனா?

"ஸ்கேல் பாக்கத் தெரியணும்மா. அது தெரியாம கத்திரியத் தொட்டா இப்படித்தான் ஆகும்."

சொன்னது யார்? நான்! இதை எழுதுகிறபோதே காது சுடுகிறது.

"கேட்டுக்கிட்டியாடி? இனிமே வீட்டுல கத்திரிக்கோல எடுத்துப்பாரு, சொல்றேன்" என்றார் மாமியார்.

"சரிக்கா" என்றாள் பொன்னுத்தாய். மாமியாருக்கு இல்லை, எனக்கு. காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். கவுனைச் சரிபண்ண முடியுமா பார்க்கிறேன் என்று பெரிய மனதோடு வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். அவர் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிறவர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு இரும்பு ஸ்கேல் இருக்கும். நான் அந்தக் கவுனை விரித்து வைத்து அளந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே முகம் துடைத்தார்.

"எங்கருந்து அளக்குற? ஒன்னுல வச்சிருக்க?"

"பின்ன, ரெண்டுலயா வைப்பாங்க?"

நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பும் நின்றுவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விளிம்பையும் ஒன்றையும் விரலால் தொட்டுக் காட்டி மெதுவாகக் கேட்டார்:

"அப்ப, இங்கருந்து இது வரைக்கும் இருக்கே... இது யாரோட இன்ச்சு?"

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு நொடிதான். விளிம்பிலிருந்து ஒன்று வரைக்கும் ஒரு முழு இன்ச் கிடக்கிறது. நான் அதையும் சேர்த்துச் சேர்த்து எழுதியிருக்கிறேன். மடித்து வெட்டுகிற துணியில் ஒரு இன்ச் கூடினால், விரித்தால் கழுத்தில் இரண்டு. முன்னும் பின்னும் சேர்ந்து மார்பில் நாலு. மார்பு பெரிதானால் பிடித்துத் தைக்கலாம். வெட்டிப்போட்ட கழுத்தை என்ன செய்வது?

"நீ எழுதுனியே, அந்த அளவெல்லாம்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"அரிசி களையணும்" என்று எழுந்து போய்விட்டேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த வாரம் ஆசிரியரிடமிருந்து ஒரு கட்டு வந்தது. உங்களில் நாலு பேர் எழுதிய கடிதங்கள். எல்லாம் கழுத்தைப் பற்றி. சின்னாளப்பட்டி வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: "எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. ஒரு இழை பிசகினாலும் எங்களுக்குத் தெரியும். உங்கள் அளவில் பிசகு இருப்பதாகத் தோன்றுகிறது." கூடவே ஆசிரியர் ஒரு துண்டுச் சீட்டில் கேட்டிருந்தார் — "அச்சுப் பிழையா?"

எவ்வளவு நல்ல கேள்வி! பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. "ஆம், அச்சுப் பிழைதான்" என்று கார்டு எழுதினேன். எழுதிப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் தபால் பெட்டியைத் தாண்டித் தாண்டிப் போனேன். அச்சுக் கோக்கிறவர் யாரோ, எவரோ. அவருக்கும் வீடு வாசல் இருக்கும். அவர் தலையில் போய் இதை எப்படிக் கட்டுவது? மூன்றாம் நாள் கார்டைக் கிழித்துப்போட்டேன்.

உடனே என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். கிழித்தேனே தவிர, உண்மையையும் எழுதவில்லை. மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று வாரமும் இதே பக்கத்தில் என்ன எழுதினேன்? தக்காளி விலை. பஸ் கண்டக்டர்கள். அப்புறம்... குழந்தைகளைப் பொய் பேசாமல் வளர்ப்பது எப்படி என்று. அது ரொம்ப நன்றாக இருந்தது என்று பாராட்டிப் பதினேழு பேர் எழுதியிருந்தீர்கள். ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது கன்னத்தில் ஒரு அறை.

இன்னும் எத்தனை வாரம் இப்படியே ஓட்டியிருப்பேனோ தெரியாது. பொன்னுத்தாயிடமிருந்து ஒரு கார்டு வந்தது.

"அக்காவுக்கு வணக்கம். கவுனைச் சரிபண்ண முடியாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள். உங்களுக்குப் பெரிய சிரமம் கொடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளவும்."

மன்னித்துக்கொள்ளவும்! அவள் என்னைக் கேட்கிறாள்!

கார்டை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். படித்தார். "ஞாயித்துக்கெழம நான் பிள்ளைகளப் பாத்துக்கிறேன். நீ போயிட்டு வா" என்றார். 

நான் போய்ச் சேர்ந்தபோது பொன்னுத்தாயும் மாமியாரும் வீட்டுக்கு முன்னால் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பொன்னுத்தாய் பதறி எழுந்துவிட்டாள். "வாங்கக்கா, வாங்க. செத்த நேரம் உக்காருங்க, மோரு கொண்டாரேன்" என்று உள்ளே ஓடப் பார்த்தாள்.

"இரும்மா. மோரு அப்புறம். முதல்ல நான் சொல்லிடறேன்."

பஸ்ஸில் வரும்போது அழகழகாக வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன். எழுதுகிறவள் அல்லவா? ஒன்றும் வரவில்லை. "தப்பு உங்க மேல இல்ல. நான் எழுதின அளவே தப்பு. எனக்கு ஸ்கேல் பாக்கத் தெரியாது" என்று மட்டும் வந்தது.

மாமியார் வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"என்ன தாயி சொல்றீக? பத்திரிகைல எழுதுறவுகளுக்கு ஸ்கேலு பாக்கத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

முப்பத்தைந்து வயதில், அந்த வார்த்தையை ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. 

பொன்னுத்தாய் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீங்க ஒன்னுலருந்து அளந்தீங்க. பாத்தேன்."

"பின்ன ஏம்மா சொல்லல?"

அவள் வெங்காயத் தோலை ஒதுக்கினாள். "எம்புட்டுப் பேரு உங்கள வாசிக்கிறாக. எங்கத்த இருக்கையில நான் சொல்லி, உங்களுக்கு அசிங்கமாப் போச்சுன்னா? எனக்குன்னா... பழக்கந்தான்."

பழக்கந்தான் என்றாள். குறையாகச் சொல்லவில்லை. வெயில் பழக்கந்தான் என்கிற மாதிரி சொன்னாள். நான் எதிலும் தெரியாதவள் ஆகிவிடக் கூடாது என்று இத்தனை வருஷம் எவ்வளவு பாடுபட்டேன்! நான் தாங்க மாட்டேன் என்று நினைத்து, என் அவமானத்தையும் சேர்த்து இந்தப் பெண் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள்.

மாமியார் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் கத்திரிக்கோல் இருந்தது. பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாராம். மருமகளின் மடியில் வைத்துவிட்டு மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டார்.

நான் கொண்டுபோன சாட்டினை விரித்தோம். "நீங்க அளங்கக்கா" என்றாள் பொன்னுத்தாய். "விளிம்புலருந்து வைக்கணும்னு தெரியும். இந்தச் சின்னக் கோடெல்லாம் தெரியாது" என்றேன். ஒரு தடவை தெரியாது என்று சொல்லிவிட்டால், அடுத்த தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

"நீங்க கோட்டோட ஒசரத்தப் பாருங்க. ரெண்டு எண்ணுக்கும் நடுவுல நெட்டையா நிக்கிதுல்ல, அது அரை. அதவிடக் கொஞ்சம் குட்டையா ரெண்டு இருக்கு. இந்தப் பக்கம் கால், அந்தப் பக்கம் முக்கால். இருக்கதுலயே பொடிசா நாலு நிக்கிது பாருங்க, அதுல மொதக் கோடு அரைக்கால், கால்ல பாதி."

கால், அரைக்கால்! பள்ளிக்கூடத்தில் பாட்டு மாதிரி ஒப்பித்திருக்கிறேன். வார்த்தையை இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். அது நிற்கிற இடத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எட்டாவது வரைக்கும் படிச்சேன்க்கா. கணக்குல நாந்தான் மொதல்" என்றாள் கூச்சத்தோடு. இத்தனை நாளும் அதை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது. மாமியார் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

பழகுவதற்காகக் குழந்தையின் பாதத்தை அளக்கச் சொன்னாள். "அஞ்சே கால்" என்றேன். "எண்ணிப் பாருங்கக்கா." "அஞ்சரை?" குழந்தை காலை உருவிக்கொண்டு சிரித்தது. மாமியாரும் சிரித்தார். மூன்றாம் தடவை ஒவ்வொரு கோடாகத் தொட்டுத் தொட்டு எண்ணி, "அஞ்சே அரைக்கால்" என்றேன். "அம்புட்டுத்தான்!" என்றாள். என் முதல் கட்டுரை அச்சில் வந்த அன்றைக்குக்கூட முகம் இப்படிச் சிவந்ததா என்று தெரியவில்லை. அது சந்தோஷமா வெட்கமா என்று கேட்காதீர்கள். முக்கால்வாசி வெட்கம்தான்.

நான் அளந்து சொன்னேன், அவள் சரிபார்த்து வெட்டினாள். உங்கள் வீட்டில் அந்தப் பழைய இதழ் இருந்தால் அடித்துவிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்: கழுத்து இரண்டு, தோள் நாலு, மார்பு ஐந்தே முக்கால். தையலுக்குத் தனியாக விட வேண்டும். என் பேச்சைக் கேட்டு ஏற்கனவே துணியை வெட்டியவர்களுக்கு என்ன சொல்வது... தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்பதைத் தவிர.

புறப்படும்போது, "இத நான் பத்திரிகைல எழுதுவேன். உன் பேரப் போடல" என்றேன். பொன்னுத்தாய் தலையை ஆட்டினாள். மாமியார்தான் எழுந்து வந்தார்.

"போடுங்க தாயி. பொன்னுத்தாயின்னு பேரோட போடுங்க. எங்க பிள்ள மேல தப்பில்லன்னு நாலு பேரு படிக்கட்டும். நெலக்கோட்டையில இவ மதினி வாரந்தவறாம உங்களத்தான படிக்கிறா."

அதனால்தான் பெயர் போட்டிருக்கிறேன். இந்த வாரம் எழுதியதெல்லாம்கூட ஒரே ஒருவருக்காகத்தான். மற்றவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள்.

நிலக்கோட்டையில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் மதினி அவர்களுக்கு: உங்கள் சாட்டினைக் கெடுத்தது நான்தான். சண்டை போட வேண்டுமானால் திண்டுக்கல்லுக்குத் தாராளமாக வாருங்கள் — பொன்னுத்தாயிடம் பேசிவிட்டு வாருங்கள்.